சுகர் இருப்பவர்களின் கால்: கிருமியைத் துரத்தும் முன் தோலைக் கவனியுங்கள் (முழுமையான வழிகாட்டி)

சுகர் இருப்பவர் காலில் ஒரு கீறல் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் வெளியே வருவது டெட்டால் பாட்டில். அதைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றுவார்கள், மேலே மஞ்சள் தூளோ காப்பித் தூளோ அப்புவார்கள், அப்புறம் தெருமுனை மருந்துக் கடையில் "புண்ணுக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு மூன்று நாளைக்கு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவார்கள். எல்லாமே கிருமியை ஒழிக்கும் வேலை. அந்தக் கால் மட்டும் அதே செருப்புக்குள், அதே இடத்தில் அழுந்தியபடி, கடைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருக்கும்.

கிருமி உங்கள் காலில் ஏற்கெனவே இருக்கிறது. நாளைக்கும் இருக்கும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் இருக்கும். அது தோலைத் தாண்டி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதும், போய்விட்டால் அன்றைக்கே கண்டுபிடிப்பதும்தான் நம்மால் செய்ய முடிந்த வேலை. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் என்றாவது ஒரு கால் புண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கை உங்கள் தெருவுக்குப் போட்டுப் பாருங்கள், இது யாருக்கோ வருகிற சமாச்சாரம் இல்லை என்று புரியும்.

முதலில், காலில் யார் யார் இருக்கிறார்கள்

நல்ல ஆரோக்கியமான தோலிலும் லட்சக்கணக்கில் பாக்டீரியா உண்டு. பாதத்தில் அதிகமாகவே உண்டு, ஏனென்றால் உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கோரினிபாக்டீரியம் வகைகள் எல்லாம் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்பவை. ஷூவைக் கழற்றியதும் வரும் அந்த நாற்றம், இவை வியர்வையையும் செத்த தோலையும் உடைக்கும்போது வருவது. நாற்றம் பிடிக்காவிட்டாலும் இவற்றால் நமக்கு ஆதாயம் உண்டு. எபிடெர்மிடிஸ் சுரக்கும் சில பொருள்கள், நிஜமாகவே தொல்லை கொடுக்கும் இன்னொரு வகையான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸைத் தலையெடுக்க விடுவதில்லை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு இருப்பதும் இந்தக் கூட்டத்துக்குத்தான் சாதகம். காரம் அதிகமான துணி சோப்பைப் போட்டுக் காலைத் தேய்த்தாலோ, கிருமிநாசினியில் தினமும் ஊறவைத்தாலோ அந்த ஏற்பாடு கலைந்துபோகும்.

சுகர் இந்த இடத்தில் நான்கு காரியம் செய்கிறது. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. வியர்வையை இயக்கும் நரம்பும் கெடுவதால் குதிகால் காய்ந்து, பித்த வெடிப்பு ஆழமாக விழுகிறது. ரத்தக் குழாய் சுருங்கி விரல் நுனிக்கு ரத்தம் குறைகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருப்பதால் கிருமியோடு மோத வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. வெடிப்பு வழியாக ஆரியஸோ ஸ்ட்ரெப்டோகாக்கஸோ உள்ளே போகும், போனது வலிக்காது, தடுக்க ஆள் வராது. மாத்திரை போட்டாலும் அது ரத்தத்தில் ஏறித்தானே காலுக்குப் போக வேண்டும்? ரத்தமே போகாத விரலுக்கு மாத்திரையும் போகாது.

வலி தெரியாமல் போவதன் விபரீதத்தை உலகத்துக்கு விளக்கிய இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்தார். விரல்கள் உதிர்வதற்கு நோய்க்கிருமி நேரடியாகச் சதையைத் தின்பதுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். வலி தெரியாததால் சூட்டிலும் அழுத்தத்திலும் படும் காயங்கள்தான் பெரும்பாலும் காரணம் என்று அவர் காட்டினார். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள் சிலர். பிறகு அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போனது.

படி 1: உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான ஒரு தொடு சோதனை இருக்கிறது. கருவி வேண்டாம், காசு வேண்டாம், வீட்டில் இன்னொருவரின் ஆள்காட்டி விரல் போதும். சோதிக்கப்படுபவர் செருப்பு, சாக்ஸ் இல்லாமல் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். எந்தக் காலில் தொடுவது தெரிகிறதோ அதை "வலது", "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். வலது கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல், இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு நொடி இறகு படுவதுபோல் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிள்ளக் கூடாது. சொல்லவில்லை என்றால் இரண்டாவது தடவை தொட்டு "இப்பவாவது தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது. தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் சொல்லி நைலான் இழைச் சோதனையையும் அதிர்வுச் சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சில வருடம் காலில் எரிச்சல், எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு என்று படுத்திவிட்டு, திடீரென்று அது அடங்கும். "இப்போ பரவாயில்லை, எரிச்சலே இல்லை" என்று சந்தோஷப்படுவார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்ததாலோ மருந்தாலோ அது குறைந்திருக்கலாம். ஆனால் நரம்பு இன்னும் கெட்டுப்போய் மரத்ததாலும் அடங்கும். எது என்று தொடு சோதனையில் தெரிந்துவிடும்.

உணர்ச்சி, ரத்த ஓட்டம் இரண்டும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை போதும். மரத்துப் போயிருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ. மரப்போடு ரத்த ஓட்டக் குறைவோ பாதக் கோணலோ சேர்ந்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் பற்றிக் கேளுங்கள்.

படி 2: தினமும் ராத்திரி காலைப் பாருங்கள்

பார்ப்பது என்றால் பார்ப்பதுதான், "வலி எதுவும் இல்லையே" என்று நினைத்துக்கொள்வது இல்லை. குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் சுலபம். கண் சரியில்லாதவருக்கு மகளோ மருமகனோ பேரனோ பார்க்கட்டும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கே பார்ப்பது? எல்லோரும் உள்ளங்காலையும் குதிகாலையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். விரல் இடுக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அதற்குப் பக்கத்து விரலுக்கும் நடுவில். அது எப்போதும் ஒட்டியே இருக்கும் இடுக்கு, காற்றுப் போகாது, குளித்த ஈரம் அங்கேயே தங்கும். இரண்டு விரலையும் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி, விளிம்பில் உரிந்து, அடியில் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிகிறதா? அந்தக் கோடு ஒரு வெடிப்பு. கணுக்காலுக்கு மேல் காலே சிவந்து வீங்கும் தோல் தொற்றுகளில் பல, இந்த மாதிரி ஒரு கோட்டின் வழியாகத்தான் ஆரம்பிக்கின்றன.

பிறகு குதிகால் வெடிப்பில் ரத்தக் கசிவு, விரல் நுனியில் நிறமாற்றம், நகத்தைச் சுற்றி வீக்கம், காய்ப்பு விழுந்த இடத்துக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால் அங்கே புண் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மேல் தோல் மூடியிருப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மெட்டி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி அடியில் உள்ள தோலையும் பார்க்க வேண்டும். கால் வீங்கும் வழக்கம் இருந்தால் மெட்டியைத் தளர்த்திக்கொள்வது நல்லது, விரலில் ஏதாவது தொற்று என்றால் முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

படி 3: கழுவுவதும் துடைப்பதும்

சாதாரணத் தண்ணீர், மிதமான குளியல் சோப்பு, தினமும் ஒருமுறை. வெந்நீர்தான் வேண்டும் என்பவர்கள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது. முழங்கையை விட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். 37 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். உப்புப் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் காலை ஊறப் போடும் வழக்கத்தை சுகர் இருப்பவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். தோல் ஊறி இளகும், அப்புறம் இன்னும் காயும், சூடு அதிகமானால் கொப்புளம் கிளம்பும்.

கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். மெல்லிய பருத்தித் துணியை ஒவ்வொரு விரல் இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள். துண்டால் வரக் வரக்கென்று இழுத்தால் ஊறிய தோல் கிழியும்.

அப்புறம் களிம்பு. காய்ந்த குதிகாலுக்கு 10 சதவீத யூரியா கலந்த கிரீம் நன்றாக வேலை செய்யும். அது இல்லாவிட்டால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், தடவிய காலோடு ஈரத் தரையில் வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரே கட்டுப்பாடு, எதுவும் விரல் இடுக்கில் போகக் கூடாது. குதிகாலுக்கு ஈரப்பசை வேண்டும், இடுக்குக்கு வறட்சி வேண்டும். ஒரே காலில் இரண்டு விதமான பராமரிப்பு.

படி 4: இடுக்கில் வெள்ளை, அரிப்பு, நாற்றம் வந்தால்

இதை நாம் பொதுவாகச் சேற்றுப்புண் என்போம். பெரும்பாலும் பூஞ்சைதான். முதலில் பூஞ்சை தோலை ஊறவைத்து வெடிக்க வைக்கும், பிறகு அந்த வெடிப்பில் பாக்டீரியா ஏறும். அரிப்பும் செதிலும் மட்டும் இருக்கும்வரை பூஞ்சை மருந்து போதும். ஈரக் கசிவு, கெட்ட நாற்றம், வலி, பச்சை நிறம் சேர்ந்துவிட்டால் பாக்டீரியாவும் வந்துவிட்டது என்று அர்த்தம். பச்சை நிறம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கைவரிசையாக இருக்கலாம், ஈரத்திலேயே வாழ்வது அது. இடுக்கில் அரிப்பே இல்லாமல் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு இருந்தால் அது கோரினிபாக்டீரியம் வகையின் வேலையாக இருக்கலாம், தோல் மருத்துவர் ஒரு விசேஷ விளக்கைப் பிடித்தால் பவழச் சிவப்பில் மின்னும். அதற்குப் பூஞ்சை மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் சரியாவது சந்தேகம்தான்.

கிளோட்ரிமசோல், டெர்பினஃபைன் போன்ற கிரீம்களை மருத்துவர் சொன்ன நாள்வரை போடுங்கள். அரிப்பு நின்ற அன்றே நிறுத்துவதால்தான் பாதிப் பேருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்பது என் அபிப்பிராயம். இன்னொரு எச்சரிக்கை: மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் பல 'அரிப்பு கிரீம்'களில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும், தோல் மெலிந்துபோகும். குழாயின் பின்பக்கம் குளோபெட்டசால், பீட்டாமெதசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் நீங்களாகப் போடாதீர்கள்.

படி 5: நகம், கால் ஆணி, காய்ப்பு

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கார்ன் கேப் ஒட்டுவதும் கூடவே கூடாது. கார்ன் கேப்பில் இருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கு எது ஆணி, எது நல்ல தோல் என்று தெரியாது, இரண்டையும் அரிக்கும், மரத்த காலில் அது அரிப்பதும் தெரியாது. காய்ப்பைச் செதுக்கி எடுப்பது மருத்துவமனையில் செய்ய வேண்டியது.

படி 6: செருப்பு

வீட்டுக்குள்ளும் செருப்பு. இதில் நம்மவர்களோடு பெரிய சண்டையே போட வேண்டியிருக்கிறது. பூஜை அறை இருக்கிறது, சமையலறை இருக்கிறது, எப்படிச் செருப்போடு நடப்பது என்பார்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள், வாசலைத் தாண்டாத செருப்பு. கீழே விழுந்த ஊசி, உடைந்த வளையல் துண்டு, கோலமாவோடு கிடக்கும் சின்னக் கல் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

வாங்கும்போது சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் அன்றைய வீக்கத்தோடு இருக்கும். நின்றபடி போட்டுப் பார்க்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கட்டும். பின்பக்கம் வார் இருக்க வேண்டும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் போகும் செருப்பு வேண்டவே வேண்டாம், அந்த இடுக்கில் தேய்ந்துதான் நிறையப் பேருக்குப் புண் வருகிறது. உள்பக்கம் மெத்தென்றும் அடிப்பக்கம் உறுதியாகவும் இருப்பது நல்லது. தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்ணறை ரப்பர் செருப்பு, மரத்த காலுக்கும் பொருத்தமானது. பார்க்க அழகாக இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. இப்போது பல வடிவங்களில் செய்து தருகிறார்கள்.

போடும் முன் ஒவ்வொரு முறையும் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆணியோ முள்ளோ அடியில் குத்தி, முனை மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், மரத்த கால் அதன் மேல் நாள் முழுக்க நடக்கும். சாக்ஸ் என்றால் வெள்ளை நிறம், பருத்தி, மேலே இறுக்காதது, தினமும் துவைத்தது. வெள்ளையில்தான் கசிவும் ரத்தமும் பளிச்சென்று தெரியும்.

கோயில் விஷயம். வெயில் நேரத்தில் பிரகாரக் கல் எப்படிக் கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உணர்ச்சி உள்ளவர் குதித்து ஓடிவிடுவார், மரத்தவர் நிதானமாக மூன்று சுற்று சுற்றி வருவார், வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். விடியற்காலையில் அல்லது சூரியன் இறங்கிய பிறகு போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், பழனிப் பாதயாத்திரை அதைவிடப் பல மடங்கு. தொடு சோதனையில் தேறாத காலோடு வெறுங்காலில் இதையெல்லாம் நடக்காதீர்கள். தீமிதி பற்றிப் பேசவே வேண்டாம். நேர்த்திக்கடனை வேறு விதமாகக் கழித்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

படி 7: புண் பட்ட அன்று

ஓடும் குழாய்த் தண்ணீரிலோ சலைன் நீரிலோ கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி, மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய துணிப்பட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டாதீர்கள். நீர்க்காத டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், மஞ்சள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முதல் மூன்றும் புதிதாக வளர வேண்டிய செல்களையும் சேர்த்துக் கொல்கின்றன. பொடிகள் புண்ணை மூடிவிடுவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று மருத்துவருக்கே தெரியாது.

அடுத்தது, அந்தக் காலில் எடை போடுவதை நிறுத்துவது. இதுதான் மருந்து. அன்றைய சர்க்கரை அளவைப் பாருங்கள், புண்ணைப் படம் எடுத்து வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். "சின்னப் புண்தானே, இரண்டு நாள் பார்க்கலாம்" என்பது உணர்ச்சி உள்ள காலுக்கான பேச்சு.

படி 8: தொற்றா இல்லையா

புண்ணில் கிருமி இருப்பது வேறு, கிருமி தொற்றாக மாறுவது வேறு. எல்லாப் புண்ணிலும் கிருமி இருக்கும். தொற்று என்று முடிவுகட்டக் கண்ணும் கையும்தான் கருவி. வீக்கம் அல்லது கெட்டிப்படுதல், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, தொட்டால் வலி, தொட்டால் சூடு, சீழ், இந்த ஐந்தில் இரண்டு இருந்தால் தொற்று. கருத்த தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது, கருஞ்சாயலாகவோ ஊதாவாகவோ மினுமினுப்பாகவோ தெரியும், அதனால் புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறம் மாறிய பகுதியின் எல்லையைப் பேனாவால் வரைந்து மணியை எழுதி வைப்பது நல்ல பழக்கம். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை: சிவப்பு 2 சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவுவது, விரல் கறுப்பது, அழுகல் நாற்றம், தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று நகர்வது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, குளிர் நடுக்கம், 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், நாடித்துடிப்பு 90-க்கு மேலேயே நிற்பது, காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறுவது. காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கால் போகும் அளவுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராத சுகர் நோயாளிகள் நிறைய. வண்டி இல்லையென்றால் 108.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அது எலும்பு மூட்டு நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். வலி பெரிதாக இருக்காது, அதனால் நடப்பார்கள், நடக்க நடக்க நொறுங்கும். காலைத் தரையில் ஊன்றாமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 9: மருத்துவமனையில் என்ன நடக்க வேண்டும்

நல்ல இடமாக இருந்தால் புண்ணைக் கட்டுவதற்கு முன் செத்த தோலையும் காய்ப்பையும் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். "வெட்டிப் பெரிதாக்கிவிட்டார்கள்" என்று வீட்டில் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அது வேண்டும். பழைய புண்ணில் பாக்டீரியா தனித்தனியாக இருப்பதில்லை, தண்ணீர்த் தொட்டியின் சுவரில் படியும் வழவழப்பைப்போல் ஒரு படலத்துக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாத்திரையும் வெள்ளை அணுக்களும் அதற்குள் லேசில் நுழையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

புண்ணில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். புண்ணின் மேலே பஞ்சுக் குச்சியைத் தேய்த்து அனுப்பினால், தோலில் எப்போதும் இருக்கும் ஆட்கள் எல்லாம் அறிக்கையில் வந்துவிடுவார்கள், அதைப் பார்த்து ஒரு பெரிய ஆன்டிபயாடிக் எழுதப்படும். சுத்தம் செய்த பிறகு புண்ணின் அடியிலிருந்து சிறு துண்டுத் திசு எடுத்து அனுப்புவதுதான் சரி. தொற்றின் அறிகுறி எதுவும் இல்லாத புண்ணுக்குக் கல்ச்சரும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். மேலை நாடுகளில் இந்தப் புண்களில் ஆரியஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் முன்னால் நிற்கும். நம்மைப்போன்ற வெப்பமான ஊர்களில் சூடோமோனாஸ், இ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை அதிகம் அகப்படுகின்றன. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பாதியில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அடுத்த தொற்றுக்கு வேலை செய்யக்கூடிய மருந்துகளின் பட்டியல் சுருங்குகிறது.

புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். தட்டினால் எலும்பில் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுப்பார்கள், முதல் இரண்டு மூன்று வாரத்தில் அதில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், தேவைப்பட்டால் திரும்ப எடுப்பார்கள். தோலும் சதையும் மட்டும் என்றால் ஒன்றிரண்டு வாரம் மருந்து. எலும்பில் இறங்கி, அந்த எலும்பை எடுக்காமல் வைத்தியம் செய்வதென்றால் ஆறு வாரம்வரை போகும்.

இரண்டு கேள்விகளை நீங்களே கேளுங்கள். ஒன்று, "ரத்த ஓட்டம் பார்த்தாச்சா டாக்டர்?" கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் விகிதம் 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் அடைப்பு. 1.3-க்கு மேலே வந்தாலும் நல்லது என்று அர்த்தமில்லை, குழாய்ச் சுவர் சுண்ணாம்பாகிக் கெட்டிப்பட்டிருக்கலாம், அப்போது விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று சொன்னால், ரத்த ஓட்டம் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்கிற அவசரம் மட்டும் வேறு கதை, அங்கே தாமதம்தான் எமன்.

இரண்டு, "இந்தக் காலுக்கு எடை படாமல் எப்படி வைப்பது?" உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால்வரை மாவுக்கட்டுப் போன்ற கழற்ற முடியாத கட்டுதான் பெரும்பாலும் சிறந்தது. தொற்று கடுமையாகவோ ரத்த ஓட்டம் மோசமாகவோ இருந்தால் போட மாட்டார்கள். கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றி வைத்துவிட்டு நடப்பது மனித இயல்பு, பாத்ரூமுக்கு நடக்கும் பத்து அடியிலும் புண் அழுந்தும். எல்லாம் சரியாகச் செய்தும் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அதே கட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 10: புண் ஆறிய பிறகு

ஆறியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. புண்ணை உண்டாக்கிய அழுத்தமும் மரப்பும் அப்படியே இருப்பதால் இதில் அதிசயம் இல்லை. இனிமேல் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை.

வீட்டில் ஒரு சின்னக் காரியம் செய்யலாம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில், உதாரணமாகக் கட்டைவிரல், அதன் அடிமேடு, பாதத்தின் நடு, குதிகால், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். காலையில் எழுந்து நடமாடும் முன் அளப்பது வசதி. ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால், தோல் கிழியும் முன்பே உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நடையைக் குறைத்து மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் பார்க்கும் நெற்றி வெப்பமானிகள் சில உடல் வெப்பத்துக்குத் தக்கபடி எண்ணைத் திருத்திக் காட்டும், அதனால் பொருள்களின் சூட்டை அளக்கும் முறைக்கு மாற்றி வைத்துவிட்டு அளக்க வேண்டும்.

எழுதிய நோட்டு, புண்ணின் படங்கள், பழைய கல்ச்சர் அறிக்கை, போட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர், இவற்றை ஒரே பையில் வைத்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் கொண்டு போங்கள். நடுராத்திரியில் அவசரப் பிரிவில் புது மருத்துவர் ஒருவர் இருக்கும்போது, எந்த மருந்தில் தொடங்கலாம் என்று அவர் முடிவெடுக்க அந்தப் பைதான் உதவும்.